சித்தியும் வலது பக்க டிஸ்க்கும்

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சித்தியின் போன் அடித்தது. அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு கேட்டாள், துப்பிவிட்டு மறுபடி கேட்டாள். அப்புறம் அம்மாவிடம், அத்தானை எட்டரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும், ஒன்றும் அவசரமில்லை என்றாள். சித்தி வாயால் அவசரமில்லை என்று வந்தாலே எங்கள் வீட்டில் எல்லோரும் அவசரப்பட ஆரம்பித்துவிடுவோம். சித்தியோ ஒரு காலில் தன் செருப்பையும் மறுகாலில் என்னுடையதையும் மாட்டிக்கொண்டு போனாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அப்பாவுக்குத் தொண்டையில் நோய் என்று தெரிந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். அப்பா சிகிச்சைக்குப் போகும் அதே மருத்துவமனையில்தான் அவளுக்கு வேலை. பதினெட்டு வருடத்துக்கு முன் சீட்டு எழுதும் கவுன்ட்டரில் சேர்ந்தவள். அங்கே கம்ப்யூட்டர் நின்றுபோகும் போதெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் இவளைத்தான் திட்டுவார்களாம். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதைவிட அந்த வேலையையே கற்றுக்கொண்டுவிடலாம் என்று பழுது பார்க்க வருகிறவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டாள். இன்று அந்தக் கட்டடத்தின் சர்வர் அறை அவள் பொறுப்பு. அறை எப்போதும் குளிராக இருக்கும் என்பதால் யாரோ விட்டுப்போன ஆண்கள் ஸ்வெட்டர் ஒன்றை அங்கே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். கைப்பையில் சீப்பு இருக்காது, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், சோறு போட்டு வைத்துவிட்டு பாதியில் சர்வரைப் பார்க்க ஓடுகிறவளை எவன் கட்டுவான் என்று அவளே சிரித்துவிடுவாள்.

அன்று என்ன ஆபத்து என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முப்பத்து மூன்று நாள் கரண்ட் வைக்கச் சொல்லியிருந்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறோம். பத்தொன்பது நாள் முடிந்திருந்தது. மருத்துவமனையில் மின்சார வேலை நடந்ததால் வெள்ளிக்கிழமை விட்டுப்போனது, சனி ஞாயிறு எப்போதும் கிடையாது. ஆக ஏற்கெனவே மூன்று நாள் இடைவெளி. திங்கள் மதியம் ஒரு மணிக்கு மறுபடி மின்சாரத்தை நிறுத்தினால் புதன்கிழமைதான் வரும். பெரிய டாக்டரம்மா அப்பாவிடம் நேராகவே சொல்லியிருந்தார், தொண்டையில் வரும் இந்த வகைக்கு இடைவெளி விடக்கூடாது, விட்டால் அது மறுபடி தலைதூக்கும் என்று. அப்பாவுக்கு அன்று ஒரு மணிக்குள் கரண்ட் வைத்தாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அப்பா மெலிந்து முகம் சிறுத்துப்போனதால் ஒன்பது நாளைக்கு முன்புதான் அவருக்குத் தலை அசையாமல் பிடிக்கும் புது வலை முகமூடி செய்து, கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு போக வேண்டும் என்று புதிதாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். பழைய கணக்கில் வைத்தால் கழுத்துக்குள் இருக்கும் தண்டுவடத்தில் படும். அந்தக் கணக்கைக் கையால் மெஷினில் ஏற்ற முடியாது. சர்வரிலிருந்துதான் போக வேண்டும்.

அந்தச் சர்வர்தான் அன்று காலை எழவில்லை.

நாங்கள் எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதுவரை நடந்ததைச் சித்தியும், அவளோடு வேலை செய்யும் வயர் அண்ணனும் பிறகு சொன்னார்கள். வயர் அண்ணன் எலக்ட்ரீஷியனாக இருந்து கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. காதில் எப்போதும் பென்சிலுக்குப் பதில் ஒரு துண்டு வயர் செருகியிருப்பார்.

சர்வரில் இரண்டு டிஸ்க்குகள் முன்பக்கம் இழுப்பறை மாதிரி செருகியிருக்கும், இடதில் ஒன்று, வலதில் ஒன்று. எது எழுதினாலும் ஒரே நேரத்தில் இரண்டிலும் எழுதிக்கொள்ளும். ஒன்று செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும். இதை மிரர் என்கிறார்கள். காலையில் மின்சாரம் வந்து பொத்தானை அமுக்கியபோது திரை கறுப்பாகவே இருந்தது. தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி. சித்தி இரண்டையும் வெளியே எடுத்தாள். வலதை மட்டும் செருகிப் பார்த்தாள். அதே கறுப்புத் திரை. அதை எடுத்துவிட்டு இடதை மட்டும் அழுத்திச் செருகினாள். சர்வர் எழுந்துவிட்டது.

வலது கெட்டது, இடது நல்லது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். சித்தியும் அப்படித்தான் நினைத்தாள். முதல் நோயாளிக்கு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் வலதைச் செருகி, இடதில் இருப்பதை அதன் மேல் பிரதி எடுக்க விட்டுவிடுங்கள் என்று வயர் அண்ணனிடம் சொல்லிவிட்டுச் சிகிச்சைப் பகுதிக்கு வந்தாள். எங்களைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்தினாள். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் அப்போதுதான் முதுகைச் சாய்த்தாள்.

அன்றைய முதல் நோயாளி அப்பா. சிகிச்சை அறைக்கு ஒரு ஆள் உயரத்துக்கும் கூடுதலான கனமுள்ள சுவர். அதற்கு வெளியே ஒரு சின்ன அறையில் டெக்னீஷியன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுவரைக்கும் வீட்டு ஆள் போகலாம். அவர் அப்பாவின் பக்கத்தைத் திறந்து, பழக்கத்தில் படித்தார்.

"வாங்கய்யா. இன்னைக்கு நாலாவது நாள்."

அப்பாவுக்குக் குரல் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு மறுபடி விரித்து ஒரு கட்டைவிரலை மட்டும் மடக்கினார். பத்து, ஒன்பது. டெக்னீஷியன் சிரித்தார். "எண்ணிக்கை மட்டும் தப்பாக் காட்டுது போல. மூணு நாள் அணைஞ்சு கிடந்ததுல, வேற ஒண்ணும் இல்ல."

அப்பா மறுபடியும் கையை விரித்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தையல் மெஷின் கடையில் முப்பது வருடம் உதிரிப் பாகங்களை எண்ணி எண்ணி அடுக்கியவர் அவர், எண்ணிக்கையில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது.

சித்தி பின்னாலிருந்து வந்து திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். இன்றைய பட்டியலில் எத்தனை பேர் என்று கேட்டாள். இருபத்திரண்டு என்றார் டெக்னீஷியன். முப்பத்தொன்று இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கு எது காட்டுகிறது என்று கேட்டாள். பழையது. புதிது என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

"யாரையும் உள்ள படுக்க வைக்காதீங்க. இது போன மாசத்து டிஸ்க்," என்றாள் சித்தி.

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தாள். அந்தச் சுவர்களுக்குள் போன் வேலை செய்யாது. அது அவளுக்குத் தெரியும், இருந்தும் இரண்டு முறை அமுக்கினாள். பிறகு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். லிஃப்டில் ஒரு படுக்கை ஏறிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் மூன்று மாடி இறங்கினோம். சித்தி என் செருப்பை இரண்டாவது மாடியிலேயே கழற்றி விட்டுவிட்டாள்.

சர்வர் அறையில் வயர் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது டிஸ்க் செருகியிருந்தது. சித்திக்கு மூச்சு வாங்கியது. ஆரம்பிச்சாச்சா என்ற ஒரே வார்த்தையைத்தான் அவளால் சொல்ல முடிந்தது.

"எங்கம்மா ஆரம்பிக்கிறது. அது முரண்டு பிடிக்குது," என்றார் அவர். "இந்த டிஸ்க் ஏற்கெனவே மிரர்ல இருக்கிற டிஸ்க், அதோட அடையாளத்தை அழிச்சிட்டுத்தான் சேர்க்க முடியும்னு சொல்லுது. அழிக்கலாமான்னு கேக்க உனக்கு நாலு தடவ போன் போட்டேன். நீ எடுக்கல. நானா எதுக்கு அழிக்கணும்னு உக்காந்துட்டேன்."

சித்தி வலது டிஸ்க்கை வெளியே இழுத்து, காலையிலேயே மாட்டிக்கொண்ட ஸ்வெட்டரோடு சேர்த்து நெஞ்சில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வயர் அண்ணனுக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சர்வரை எழுப்பிவிடும் சின்னத் தொடக்கப் புரோகிராம் மிரருக்குள் வராது. அதைத் தனியாக ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுத வேண்டும். சர்வரை முதலில் அமைத்தவர்கள் இடதில் மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் இடது எழுகிறது. ஆனால் எழுவதாலேயே அது நல்ல டிஸ்க் ஆகிவிடாது. அது இருபத்தாறு நாளைக்கு முன்பே மிரரிலிருந்து கழன்று விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது வலது மட்டும்தான். புதுக் கணக்கு, புது நோயாளிகள், முடிந்த நாட்கள் எல்லாம் அதில். அது எழாதது கெட்டதால் அல்ல, தொடக்கப் புரோகிராம் இல்லாததால். செத்துக் கிடந்த இடது, மூன்று நாள் ஆறிக் கிடந்ததில் விழித்துக்கொண்டு, தான்தான் எல்லாம் என்று நின்றது. வயர் அண்ணன் அந்த அடையாளத்தை அழித்திருந்தால், பழையது புதியதன் மேல் ஏறியிருக்கும்.

வேறு பிரதி இல்லையா என்று நான் கேட்டேன். மாதம் ஒரு முறை எடுப்பது பதினெட்டு நாள் பழையது, அதில் அப்பாவின் புதுக் கணக்கு இல்லை என்றாள். மறுபடி ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட ஒரு வாரம் ஆகும்.

"இருபத்தாறு நாளா கழண்டு கெடந்துச்சா? சர்வர் பீப் பீப்னு கத்தியிருக்குமேம்மா," என்றார் வயர் அண்ணன்.

சித்தி இடது டிஸ்க் ஓடிக்கொண்டிருந்த சர்வரில் பழைய பதிவுகளைத் திறந்தாள். கடைசிப் பதிவு ஒரு புதன்கிழமை மதியம் மூன்று பத்து. அதற்கு மேல் அந்த டிஸ்க்குக்கு ஒன்றும் தெரியாது. சித்திக்குத் தெரியும். அப்பாவின் மூன்றாவது நாள் அது. கரண்ட் வைத்துவிட்டு வெளியே வந்த அப்பா நடைபாதையில் மயங்கி விழுந்தார். அதே நேரம் சர்வர் கத்த ஆரம்பித்திருக்கிறது. சித்தி ஒலியை நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று அப்பாவைத் தூக்க ஓடிவந்தாள். மறுநாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடுவதுதான் மிரரின் வேலை. அவளுக்கு மறந்தே போய்விட்டது.

"கத்துச்சு. நான்தான் வாயை மூடினேன்," என்றாள்.

மணி ஒன்பதரை. சித்தி சர்வரை அணைத்து, இடது டிஸ்க்கை எடுத்து, காகிதத்தில் சுற்றி மேசை டிராயரில் பூட்டினாள். சாவியை வயர் அண்ணனிடம் கொடுத்தாள், நான் கேட்டாலும் தராதீர்கள் என்று. கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். அதிலிருந்து சர்வரைத் தற்காலிகமாக எழுப்பி, வலது டிஸ்க்கைப் படிக்க மட்டும் திறந்தாள். எதுவும் எழுத முடியாதபடி. கடைசியாக எழுதிய கோப்பு வியாழக்கிழமை மாலை ஐந்து நாற்பது. அப்பாவின் பெயர் இருந்தது. இரண்டாவது கணக்கு இருந்தது. பத்தொன்பது என்று இருந்தது.

இனி தொடக்கப் புரோகிராமை அதில் எழுதினால் போதும். ஒரு நிமிட வேலை. ஆனால் சித்தி ஒரு வெளி டிஸ்க்கை மாட்டி, வலது டிஸ்க் முழுவதையும் அதில் பிரதி எடுக்கத் தொடங்கினாள். இரண்டு மணி இருபது நிமிடம் ஆகும் என்று திரையில் வந்தது.

அதற்குள் பெரிய டாக்டரம்மா இறங்கி வந்துவிட்டார். அவர் கோபப்படுகிறவர் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், பிரதி எடுக்காமல் நேராகச் சரிசெய்ய முடியாதா என்று.

"முடியும் டாக்டர். ஒரு நிமிஷத்துல முடியும். கை தவறுச்சுன்னா அதே ஒரு நிமிஷத்துல எல்லாம் போயிடும். முப்பத்தோரு பேரும் இந்த ஒத்த டிஸ்க்லதான் இருக்காங்க. இன்னைக்குக் காலையில ஒரு தடவ தப்பா முடிவு பண்ணிட்டேன். ரெண்டாவது தடவைக்கு இடம் விட்டுத்தான் செய்வேன்."

டாக்டரம்மா, பன்னிரண்டு மணிக்குமேல் நாலு பேருக்குத்தான் நேரம் இருக்கும், இடைவெளி தாங்காத நாலு பேரை நான் எழுதி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாலில் அப்பா மூன்றாவது.

நடைபாதையில் நிலைமை நன்றாக இல்லை. மற்ற இருபத்தேழு பேரையும் புதன்கிழமை வரச் சொன்னபோது ஒரு பெண், உள்ளே வேலை செய்கிறவளுக்குச் சொந்தம் என்றால் மட்டும் இன்றைக்கே கிடைக்கும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பதினோரு மணிக்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. சர்வர் அறைக்கே வந்துவிட்டாள்.

"உன் அத்தான் காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்கார்டி. நீ என்னடான்னா எதையோ நகல் எடுத்துக்கிட்டிருக்க."

"தெரியும்க்கா. அவரையும் சேர்த்துத்தான் எடுக்கிறேன்."

அம்மா முறைத்தாள். சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுபத்தொரு சதவீதம். அப்பாவோ மேலே போனில் தட்டி டெக்னீஷியனிடம் நீட்டினார். ‘இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பதற்கு எனக்கும் சம்பளம் உண்டா?’ டெக்னீஷியனுக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்குப் பிரதி முடிந்தது. சித்தி தொடக்கப் புரோகிராமை எழுதும் கட்டளையைத் தட்டினாள். பிழை எதுவும் வரவில்லை, முடிந்தது என்று வந்தது. பென் டிரைவைப் பிடுங்கினாள். சர்வரை அணைத்துப் போட்டாள். நாங்கள் நாலு பேரும் திரையைப் பார்த்தோம்.

கறுப்பு. அதே ஒரு வரி.

வயர் அண்ணன் காதிலிருந்த வயரை எடுத்துக் கையில் முறுக்கினார். அம்மா என் தோளைப் பிடித்தாள், வலித்தது. பன்னிரண்டு பதினொன்று. சித்தி கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் அசையாமல் இருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. தட்டிய கட்டளையைத் தனக்குள்ளேயே ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள்.

"பென் டிரைவ்ல எழுதிட்டேன்," என்றாள் கண்ணைத் திறந்து.

பென் டிரைவிலிருந்து எழுப்பினால் முதல் டிஸ்க் என்ற பெயர் பென் டிரைவுக்குப் போய்விடுமாம். எப்போதும் முதல் டிஸ்க்கில் எழுதிப் பழகிய விரல்கள் அந்தப் பெயரையே தட்டிவிட்டன. அம்மா அதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். வயர் அண்ணன், சரி, மறுபடி எழுதும்மா, இன்னும் நேரம் இருக்கிறது என்றார்.

சித்தி எழுதவில்லை. பென் டிரைவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்குண்ணே மறுபடி எழுதணும். எழுப்பி விடுறது இப்ப இதுலதானே இருக்கு. இது எழுப்பட்டும், மத்ததை வலது பாத்துக்கும்."

பென் டிரைவை மறுபடி செருகி, பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு வரி வந்தது. பிறகு பத்து வரி. பிறகு படிக்க முடியாத வேகத்தில் வரிகள் ஓடின. பன்னிரண்டு பதினேழுக்கு சர்வர் எழுந்தது. வலது டிஸ்க் ஒற்றை ஆளாக ஓடியது. சித்தி அந்தப் பென் டிரைவின் மேல் பிளாஸ்திரியை ஒட்டி, ‘எடுத்தால் கொன்றுவிடுவேன்’ என்று மார்க்கரில் எழுதினாள்.

கணக்குகளைச் சரிபார்க்கும் இயற்பியலாளர் வியாழக்கிழமை அச்சிட்ட தாள்களோடு நாலு பேரின் பக்கங்களையும் எண் எண்ணாக ஒப்பிட்டார். அதற்கே எட்டு நிமிடம் ஆனது. முதல் ஆள் பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு உள்ளே போனார். அப்பா பன்னிரண்டு நாற்பத்தாறுக்கு. நாலாவது ஆளை, ஒரு பள்ளிக்கூட ஆசிரியையை, உள்ளே படுக்க வைத்தபோது ஒரு மணிக்கு மூன்று நிமிடம்தான் இருந்தது. வயர் அண்ணன் கீழே போய் மின்சாரப் பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காண்ட்ராக்டர் ஆட்களிடம், என்னைத் தாண்டித்தான் அந்தச் சுவிட்சைத் தொட வேண்டும் என்றாராம். பத்து நிமிடம் வாக்குவாதம் நடந்தது. ஆசிரியைக்கு அதற்குள் முடிந்துவிட்டது.

அப்பா முகத்தில் முகமூடியின் வலைத் தடத்தோடு வெளியே வந்து, இரண்டு கையையும் இரண்டு முறை விரித்துக் காட்டினார். இருபது. அம்மா அழுதுவிட்டாள்.

மின்சாரம் போன பிறகு, ஜன்னல் பக்கம் மேசையை இழுத்துப் போட்டுச் சித்தி நடந்ததற்கான அறிக்கையை எழுதினாள். டாக்டரம்மா அருகில் நின்று படித்தார். ஒரு வரியில் விரலை வைத்து, இதை எழுதத்தான் வேண்டுமா, பழைய டிஸ்க் தானாகக் கழன்றது என்று இருந்தால் போதுமே, எல்லாம்தான் சரியாகிவிட்டதே என்றார். எச்சரிக்கை ஒலியை நிறுத்திவிட்டு அதன்பின் கவனிக்காமல் விட்டது நான் என்று அந்த வரியில் இருந்தது. அப்பா மயங்கி விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"இருக்கட்டும் டாக்டர். டிஸ்க் தானா கழண்டுச்சுன்னு எழுதினா டிஸ்க்கைத்தான் மாத்துவாங்க," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது வாரம் அவளுக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது. அதோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. சர்வர் கத்தினால் ஒலியை நிறுத்துகிறவர் அதன் காரணத்தையும் எழுதி இன்னொருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு டிஸ்க்காக வைத்துச் சர்வரை எழுப்பிப் பார்க்க வேண்டும். முதல் முறை அப்படிச் செய்தபோது வயர் அண்ணன்தான் கையெழுத்துப் போட்டாராம், நாலு தடவை படித்துவிட்டு.

அறிக்கையில் இருந்ததைக் கேள்விப்பட்ட அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அம்மா சித்தியோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை, சித்தி வேலைக்குக் கிளம்பும்போது, அவளுக்கு முன்னால் ஒரு புதுச் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அப்பாவுக்கு இருபத்து மூன்றாவது நாள்.